ரெண்டு பெரிய நாட்டுக்கு நடுவுல ஒரு நாடு எப்படி நிக்குதுன்னு நாமளே கணக்கு போட்டுப் பாக்குறது எப்படி

மன்னார்குடி பக்கம் உரக்கடை வச்சிருக்கேன். எங்க கடைக்கு வர்ற மூட்டையில பாதிக்கு மேல எங்கயோ ஒரு நாட்டோட துறைமுகத்துலேர்ந்து கிளம்பி வருது, இல்லன்னா வெளிநாட்டு கேஸை வச்சு இங்க செஞ்சு வருது, அதனால உலக அரசியல் எனக்கு பொழுதுபோக்கு இல்ல, தொழில்.

2021 அக்டோபர்ல சம்பா நடவு நேரம், டிஏபிங்கிற பாஸ்பேட் உரம் இல்ல. கடை வாசல்ல காலையில 6 மணிக்கே ஆளுங்க நிக்கிறாங்க, மானிய உரம் வாங்க மெஷின்ல கைரேகை வைக்க ரெடியா இருக்காங்க, குடோன்ல மூட்டை இல்ல. அந்த மாசம்தான் சீனா பாஸ்பேட் உரம் வெளிய போறதுக்கு கெடுபிடி போட்டுது. திருத்துறைப்பூண்டிக்கு அந்தாண்டலேர்ந்து வந்த ஒரு பெரியவரு, எனக்கு பெரியப்பா மொறை வேணும், கேட்டாரு: "ஏன்ப்பா, போன வருஷந்தான் எல்லையில நம்ம பசங்க 20 பேரு செத்தாங்க, அவன்கிட்டயே உரமும் வாங்குறோமா? இது என்னப்பா கணக்கு?" எனக்கு அன்னைக்கு பதில் சொல்லத் தெரியல. அவரு வெறும் கையோட பஸ் ஏறுனாரு. அன்னைக்கு ராத்திரி கடை பழைய கடன் நோட்டு ஒண்ணை திருப்பிப் போட்டு பின்பக்கத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சேன், அதைத்தான் இப்ப உங்களுக்கு முறையா சொல்லப் போறேன். குரூப் ஒன், யுபிஎஸ்சி படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் ஆவும், சும்மா நியூஸ் பாக்கறவங்களுக்கும் ஆவும்.

மொதல்ல ஒரு நெனப்பை தூக்கிப் போட்ருங்க. "நடுநிலை"ன்னா தராசு முள்ளு மாதிரி சரியா நடுவுல நிக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டு பாத்தா ஒண்ணும் புரியாது. எந்த நாடும் அப்படி நின்னதில்ல. ஒரு விஷயத்துல இந்தப் பக்கம், இன்னொரு விஷயத்துல அந்தப் பக்கம், மூணாவதுல ரெண்டு பேரும் வேணாம்னு தனியா, இப்படித்தான் போகும். அதனால நாட்டை மொத்தமா பாக்காதீங்க, சாமான் சாமானா பிரிச்சுப் பாருங்க.

நோட்டுல கட்டம் போடுறது

ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்துல சாமான் பேரு: சாப்பாடு, எண்ணெய், கேஸ், ஆயுதம், உரம், மெஷின் பார்ட்ஸ், கடன், நாம விக்கிற சந்தை, வேலைக்குப் போற ஆளுங்க அனுப்புற பணம். பக்கத்துல, யார்கிட்ட வாங்குறாங்க. அதுக்கடுத்த கட்டம்தான் முக்கியம், அதை நான் சிவப்பு பேனாவுல எழுதுவேன்: நாளைக்கு அவன் நிறுத்திட்டா எத்தனை நாள் தாங்கும்? கடைசி கட்டம்: வேற ஆள்கிட்ட மாறணும்னா எவ்ளோ காலம் ஆகும்?

இந்த கடைசி ரெண்டு கட்டத்தை விட்டுட்டுதான் டிவியில எல்லாரும் சண்டை போடுறாங்க. இந்தியாவையே எடுங்க. ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம், ஆயுதமும் வாங்குறோம், ரெண்டும் "ரஷ்ய சார்பு"ன்னு ஒரே வரியில சொல்றாங்க. ஆனா எண்ணெய் கதை வேற. உக்ரைன் போருக்கு முன்னாடி நம்ம மொத்த எண்ணெய்ல ரஷ்யாது 2 சதவீதத்தை ஒட்டித்தான், போர் ஆரம்பிச்சு ஒண்ணு ஒண்ணரை வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு, ஏன்னா வெல கம்மி. அவ்ளோ வேகமா ஏறுனது அதே வேகத்துல எறங்கவும் முடியும், கப்பலை வேற துறைமுகத்துக்கு திருப்பணும் அவ்ளோதான், கொஞ்சம் காசு கூட ஆகும். ஆயுதம் அப்படி இல்லைங்க. ஒரு போர் விமானம் வாங்குனா 30 வருஷம் 40 வருஷம் ஸ்பேர் பார்ட்ஸு அவன்கிட்டதான், ஓட்டுறவனுக்கு பழக்கம் அதுல, ரிப்பேர் பட்டறை அதுக்குன்னு கட்டுனது. அதை மாத்தணும்னா ஒரு தலைமுறை. டீசல் பம்ப்செட்டுக்கு டீசலை எந்த பங்க்ல வேணா போடலாம், பம்ப்செட்டையே மாத்துறதுன்னா கடன் வாங்கணும், அந்த வித்தியாசம்.

விக்கிற சந்தையையும் மறக்காம எழுதுங்க, நெறைய பேரு வாங்குறதை மட்டும் எழுதிட்டு விட்டுர்றாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு வரியை 50 சதவீதமா ஆக்குச்சு, அதுல பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குறதுக்குன்னே போட்டது. உறைய வச்ச இறாலுக்கு நமக்கு பெரிய சந்தை அமெரிக்காதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வச்சிருக்கவங்க யாரும் ரஷ்ய எண்ணெயை கண்ணால பாத்ததில்ல, ஆனா அந்த மாசம் அவங்க இறால் வெலையைப் பத்தி ராத்திரி தூங்காம பேசுனது எனக்குத் தெரியும். ஒரு கட்டத்துல கிடைச்ச லாபத்துக்கு இன்னொரு கட்டத்துல தண்டம். நோட்டு போட்டாத்தான் இது ரெண்டும் ஒரே பக்கத்துல தெரியும்.

அந்த நாட்டுகிட்ட ரெண்டு பேருக்கும் வேணும்கிற சாமான் என்ன

நோட்டோட வலது பக்கம் இது. வெறும் வாங்குற நாடா இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க. துருக்கியைப் பாருங்க. கருங்கடலுக்குள்ள போற வாசல் அவங்க கையில, 1936ல போட்ட மான்ட்ரோ ஒப்பந்தப்படி போர்க்கப்பல் போறதை வர்றதை அவங்க கட்டுப்படுத்தலாம். 2022ல போர் ஆரம்பிச்சதும் அந்த வாசலை போர்க்கப்பலுக்கு மூடுனாங்க, இன்னொரு பக்கம் உக்ரைனுக்கு ட்ரோன் வித்தாங்க, அதே நேரத்துல ரஷ்யா மேல பொருளாதாரத் தடை போட மாட்டேன்னுட்டாங்க, ஜூலையில ரெண்டு பேரையும் இஸ்தான்புல்ல உக்கார வச்சு ஐநாவோட சேந்து கோதுமைக் கப்பல் போக வழி பண்ணுனாங்க. அது ஒரு வருஷந்தான் ஓடுச்சு, 2023 ஜூலையில ரஷ்யா விலகிடுச்சு, இருந்தாலும் அந்த ஒரு வருஷத்துல எத்தனையோ ஏழை நாட்டுக்கு கோதுமை போய்ச் சேந்துச்சு. வாசல் இல்லாத நாடு இதை பண்ணியிருக்க முடியாது.

அதே துருக்கி இன்னொரு எடத்துல அடி வாங்குச்சு. ரஷ்யாகிட்டேர்ந்து எஸ்-400 ஏவுகணை வாங்குனாங்க, 2019 ஜூலையில வந்து எறங்குச்சு, அதே மாசம் அமெரிக்கா தன்னோட எஃப்-35 போர் விமானத் திட்டத்துலேர்ந்து வெளிய தள்ளுச்சு, 2020 டிசம்பர்ல தடையும் போட்டுச்சு. நாமளும் 2018ல அதே எஸ்-400க்கு கையெழுத்து போட்டோம், நமக்கு அந்தத் தடை வரல. ஏன்? துருக்கி அமெரிக்கா இருக்க நேட்டோ ராணுவக் கூட்டணிக்குள்ள இருக்க நாடு, உள்ள இருந்துக்கிட்டு வெளியாள்கிட்ட வாங்குனா அது குடும்பத்துக்குள்ள சண்டை. நாம எந்தக் கூட்டணியிலயும் கையெழுத்து போடல, அதோட சீனாவுக்கு எதிர்ல அமெரிக்காவுக்கு நாம வேணும். ஒரே சாமான், ஒரே கடைக்காரன், வாங்குனவன் யாருங்கிறதைப் பொறுத்து தண்டம் மாறுது. இந்த மாதிரி ஜோடி ஜோடியா ஒப்பிட்டுப் பாத்தா சீக்கிரம் புரியும், நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

யார் எப்ப வந்தாங்கன்னு தேதி எழுதுங்க

பேச்சை எழுதாதீங்க, எல்லா பேச்சும் ஒரே மாதிரிதான் இருக்கும், "நட்புறவு ஆழமானது"ன்னு. தேதியை எழுதுங்க. வியட்நாம் பக்கத்துல என் நோட்டுல இப்படி இருக்கு: 2023 செப்டம்பர் அப்ப அமெரிக்க அதிபரா இருந்த பைடன் தலைநகர் ஹனோய் வந்தாரு, உறவை இருக்கறதுலயே ஒசந்த படிக்கு ஏத்துனாங்க, அந்தப் படியில சீனா, ரஷ்யா, நாம எல்லாம் ஏற்கனவே இருந்தோம். மூணு மாசத்துல டிசம்பர்ல சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தாரு. 2024 ஜூன்ல புடின். ஒம்பது மாசத்துல மூணு பேரு ஒரே ஊருக்கு. இது தானா நடக்காதுங்க. அமெரிக்காகிட்ட 20 வருஷம் சண்டை போட்ட நாடு, 1979ல சீனா படையெடுத்து வந்ததையும் பாத்த நாடு. அவங்க பாதுகாப்புக் கொள்கையிலயே எழுதி வச்சிருக்காங்க: கூட்டணியில சேர மாட்டோம், ஒருத்தனோட சேந்து இன்னொருத்தனுக்கு எதிரா நிக்க மாட்டோம், வெளிநாட்டுப் படைக்கு எடம் குடுக்க மாட்டோம், பலத்தைக் காட்டி அடிக்கவோ மெரட்டவோ மாட்டோம். நாலு "மாட்டோம்". இது வெளிய இருக்கவனுக்கு நிம்மதி, எவ்ளோ நெருங்குனாலும் எல்லை எங்க இருக்குன்னு தெரியும். நீங்க பாக்குற நாட்டுக்கு இப்படி ஒரு "மாட்டோம்" பட்டியல் இருக்கா, அதை எப்பவாவது மீறியிருக்கான்னு தேடுங்க.

ஐநா ஓட்டும் அப்படித்தான். 2022 மார்ச் 2, உக்ரைன் தீர்மானம், 141 பேரு ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 பேரு ஓட்டுப் போடல. அந்த 35ல நாமளும் சீனாவும் ஒண்ணா. ஓட்டுப் போடாததை கோழைத்தனம்னு சொல்றவங்க உண்டு, எனக்கும் அன்னைக்கு மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு, செத்தவங்க ஜனங்கதானே. ஆனா நோட்டுல ஆயுதக் கட்டத்தைப் பாத்தா காரணம் தெரியும். காரணம் தெரியறது வேற, சரின்னு சொல்றது வேற, ரெண்டையும் தனித்தனியா எழுதப் பழகுங்க.

எப்ப மாத்துனாங்கன்னு பாருங்க

நம்ம ஊர்ல யாரும் ஆத்துத் தண்ணிய மட்டும் நம்பி குறுவை போடுறதில்ல. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா நல்லது, தொறக்கலன்னா போர்வெல் இருக்கு. அந்த போர்வெல்லை தண்ணி வராத வருஷத்துல போடக் கூடாது, அப்ப ரிக் வண்டிக்காரன் கேக்குற காசு வேற, ஆழமும் வேற. தண்ணி நல்லா ஓடுற வருஷத்துலயே போட்டு வைக்கணும். நாடுங்களும் அதேதான். 2020ல ஆஸ்திரேலியா கொரோனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு விசாரிக்கணும்னு கேட்டுது, சீனா பார்லிக்கு 80 சதவீதம் வரி, ஒயினுக்கு 200க்கு மேல. பார்லிக்காரங்க வேற சந்தை தேடிக்கிட்டாங்க, ஒயின்காரங்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க, ஏன்னா ஒயினுக்கு அந்த மாதிரி வாங்குற ஆள் உடனே கிடைக்கல. 2023ல பார்லி வரியும் 2024ல ஒயின் வரியும் போச்சு. அந்த நடுவுல ஆஸ்திரேலியா தாக்குப் புடிச்சதுக்குக் காரணம் இரும்புத் தாது, அதை விட்டா சீனாவுக்கே அவ்ளோ லேசுல வேற வழி இல்ல, அதனால அது மேல கை வைக்கல.

ஆனா எல்லாராலயும் போர்வெல் போட முடியாதுங்கிறதையும் சொல்லணும். கடைமடையில, கடலோரமா, போர்வெல் போட்டா உப்புத் தண்ணிதான் வரும். மங்கோலியா அப்படி ஒரு நாடு, வடக்க ரஷ்யா, மத்த மூணு பக்கமும் சீனா, கடல் கிடையாது. விக்கிறது பெரும்பாலும் சீனாவுக்கு, பெட்ரோல் ரஷ்யாகிட்டேர்ந்து. "மூணாவது பக்கத்து வீடு"ன்னு ஒரு கொள்கை வச்சு அமெரிக்கா, ஜப்பான், நம்மளையெல்லாம் சேத்துக்கிறாங்க. அவங்களை "ஏன் தைரியமா பேசல"ன்னு கேக்குறது, கடைமடைக்காரனை ஏன்டா மேமடை மாதிரி மூணு போகம் போடலன்னு கேக்குற மாதிரி.

எதிர்க்க தெரியுற நாட்டுலேர்ந்து ஆரம்பிங்க

மொதப் பக்கம் இலங்கைக்கு போடுங்கன்னு நான் சொல்லுவேன். பெரிய நாடு இல்ல, ஆனா கணக்கு எங்க தப்பும்னு கத்துக்க இத விட்டா வேற இல்ல. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு கப்பல் விட்டாங்க, அவ்ளோ பக்கம்.

2017ல அம்பாந்தோட்டை துறைமுகத்தை 99 வருஷக் குத்தகைக்கு சீனக் கம்பெனிக்கு குடுத்தாங்க, எல்லாருக்கும் தெரியும். என் தொழிலுக்கு நெருக்கமானது 2021 கதை. அந்த வருஷம் மே மாசம் ரசாயன உரம் எறக்குமதியையே ஒரே அடியா தடை பண்ணிட்டாங்க. இயற்கை விவசாயம் நல்ல விஷயம், நான் உரக்கடைக்காரன்னு அதை மறுக்கல, ஆனா மண்ணைப் பழக்காம ஒரே போகத்துல மாத்துனா வெளைச்சல் விழும்னு நம்ம ஊர்ல எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. விழுந்துச்சு. அதுக்கு பதிலா சீனாலேர்ந்து இயற்கை உரம் ஒரு கப்பல் வந்துச்சு, அதுல கெட்ட பாக்டீரியா இருக்குன்னு இலங்கை எறக்க விடல, சீனா தூதரகம் கோவத்துல பணம் குடுக்காத அந்த இலங்கை வங்கியையே கருப்புப் பட்டியல்ல போட்டுச்சு. கடைசியில எறக்காத உரத்துக்கு 67 லட்சம் டாலர் கட்டுனாங்க. அந்த தீபாவளி நேரம் நம்ம விமானப்படை விமானத்துல 100 டன் நானோ நைட்ரஜன் இங்கேர்ந்து கொழும்புக்கு போச்சு. ஒரு போகத்துக்குள்ள ஒரு நாடு ரெண்டு பெரிய வீட்டு வாசல்லயும் நின்னுச்சு.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்ட முடியலன்னு அறிவிச்சாங்க, பெட்ரோலுக்கு டாலர் இல்ல, நாம 2022ல மட்டும் கிட்டத்தட்ட 400 கோடி டாலர் அளவுக்கு கடனும் உதவியும் குடுத்தோம். அதே வருஷம் ஆகஸ்ட்ல நாம வேணாம்னு சொல்லியும் சீனாவோட யுவான் வாங் 5ங்கிற ஆராய்ச்சிக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்னுச்சு. அப்புறம் 2024க்கு ஒரு வருஷம் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் எதுவுமே வேணாம்னு பொதுவா ஒரு தடை போட்டாங்க. இந்த கடைசி வேலையை கவனிங்க, "சீனா வராதே"ன்னு சொல்லல, "யாருமே வராதீங்க"ன்னாங்க. கையில டாலர் இல்லாத நாடு பண்ணக் கூடிய புத்திசாலித்தனமான வேலை அதுதான்னு நான் நெனைக்கிறேன்.

ரெண்டு பேர்ல ஒருத்தன் விழுந்தா

இதைத்தான் நெறைய பேரு பாக்காம விட்டுர்றாங்க, நம்ம தஞ்சாவூர் கதையே இதுக்கு போதும். நம்ம கடற்கரையில எத்தனை கொடி பறந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. 1620ல தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரங்களுக்கு குடுத்தாரு, வருஷா வருஷம் பணம் கட்டணும். 1658ல நாகப்பட்டினம் போர்ச்சுக்கீசியர்கிட்டேர்ந்து டச்சுக்காரங்களுக்கு போச்சு. 1739ல, மராட்டிய ராஜாக்கள் காலத்துல, காரைக்கால் பிரெஞ்சுக்காரங்களுக்கு. 1749ல கொள்ளிடம் கடல்ல சேர்ற எடத்துல தேவிக்கோட்டை இங்கிலீஷ்காரங்களுக்கு. மேக்கால ஆற்காட்டு நவாப். இத்தனை பேரு நடுவுல தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிம்மன் தாக்குப் புடிச்சாரு, 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி பணம் கேட்டு தஞ்சாவூர் கோட்டையை முற்றுகை போட்டும் புடிக்க முடியாம திரும்புனாரு. ஒருத்தன் அடிக்க வந்தா இன்னொருத்தன்கிட்ட போகலாம்னு ஒரு வழி இருந்துச்சு.

1760ல வந்தவாசியில பிரெஞ்சுப் படை தோத்துது, அடுத்த வருஷம் பாண்டிச்சேரி விழுந்துச்சு. அன்னைக்கு தஞ்சாவூர்ல யாராவது சந்தோஷப்பட்டிருப்பாங்க, முற்றுகை போட்டவன் ஒழிஞ்சான்னு. ஆனா அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரனைக் காட்டி மெரட்ட வேற ஆள் இல்ல, தஞ்சாவூருக்கு வெல கொறஞ்சு போச்சு. 1773ல நவாப்போட சேந்து இங்கிலீஷ் கம்பெனிப் படை கோட்டையைப் புடிச்சுது, துளஜா ராஜா சிறையில. 1776ல திருப்பிக் குடுத்தாங்க, 1799ல சரபோஜி கிட்ட நிர்வாகத்தை எழுதி வாங்குனாங்க, 1855ல ஆண் வாரிசு இல்லன்னு மிச்சம் இருந்ததும் போச்சு. அரண்மனைக்கு பள்ளிக்கூடப் புள்ளைங்களை கூட்டிட்டு போறப்ப இதையும் சொல்லுங்க, ஓவியத்தோட சேத்து.

இதே நமக்கு 1991ல வேற மாதிரி வந்துச்சு. சோவியத் யூனியன் ஒடைஞ்சப்ப ரூபாய்ல வாங்கி வித்த வியாபாரம் போச்சு, ஆயுத ஸ்பேர் பார்ட்ஸ் எந்த நாட்டுல கேக்குறதுன்னே தெரியாம போச்சு. அதுக்கு எதிர்ப்பக்கம் இன்னொண்ணு, ரெண்டு பெரிய ஆளுங்க திடீர்னு கை குலுக்குறது. 1971 ஜூலையில அமெரிக்க அதிபரோட ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியா ரகசியமா பீஜிங் போனாரு, ஒரு மாசத்துக்குள்ள ஆகஸ்ட் 9ல இந்தியா சோவியத்தோட ஒப்பந்தம் போட்டுது. அணிசேரா நாடு அன்னைக்கு சாஞ்சுது, சாய வேண்டிய நேரம் அது. அதனால நோட்டுல அடியில ஒரு வரி விடுங்க: இந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் இல்லாம போனா இந்த நாடு என்ன பண்ணும், ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துட்டா என்ன பண்ணும்.

இதை ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல. ஒரு நாடு எடுத்து மூணு மாசம் ஓட்டுங்க, வாரத்துக்கு ஒரு தடவை, நியூஸ்ல வந்த ஒரு விஷயத்தை எந்தக் கட்டத்துல சேக்கறதுன்னு மட்டும் யோசிச்சு எழுதுங்க. சேக்க எடம் இல்லாத நியூஸ் பெரும்பாலும் வெறும் பேச்சு, விட்ருங்க. பென்சில்ல எழுதுங்க, எண்ணெய்க் கட்டம் அடிக்கடி மாறும். இலங்கைக்கு அப்புறம் வியட்நாம், அப்புறம் துருக்கி, இந்தியாவை கடைசியா வைங்க, நம்ம நாட்டை மொதல்ல எடுத்தா கோவமும் பெருமையும் வந்து கட்டம் கோணலாப் போகும்.

பெரியப்பா கேட்ட கேள்விக்கு இப்ப என்கிட்ட இருக்க பதில் என் நோட்டுல இந்தியா பக்கத்துல உரம்ங்கிற வரியில இருக்கு. டிஏபி: சவுதி, மொராக்கோ, ரஷ்யா, சீனா, இதுல சீனா நின்னா மத்தவங்ககிட்ட கூட வெல குடுத்து வாங்கலாம், ஆனா கப்பல் வர்ற வரைக்கும் சம்பா நடவு காத்திருக்காது. யூரியா: பெரும்பாலும் இங்கேயே செய்றோம், ஆனா அதுக்கான கேஸ் பெரும்பாலும் வெளியேர்ந்து. பொட்டாஷ்: வெட்டி எடுக்குற சுரங்கம் நம்மகிட்ட இல்ல, கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல். சிவப்பு பேனா கட்டத்துல மூணுக்கும் ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கேன், ஒரு போகம். அவரு போன தையில கடைக்கு வந்தப்ப அந்தப் பக்கத்தைக் காட்டுனேன், கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு கட்டமா வெரலை வச்சுப் படிச்சாரு, அப்புறம் "எருவுக்கும் ஒரு வரி போடுப்பா, தக்கைப்பூண்டுக்கும் போடு, அது யார்கிட்டயும் கேக்க வேணாம்ல"ன்னாரு. போட்டேன்.